இருபது என்றால், இருபது என்ன?

போன சனிக்கிழமை ஓர் அரங்கேற்றம். மான்மவுத் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆடுகிற பெண்ணுக்குத் தலை பின்ன வேண்டும். பூ, மை, நகை, சலங்கை... எல்லாம் முடிந்ததும் பக்கத் திரைக்குப் பின்னால் ஊசி நூலோடு நிற்க வேண்டும். ஏதாவது பிய்ந்தால் தைக்க வேண்டும். பேச வேண்டியதில்லை. எனக்கு ஏற்ற வேலை.

இத்தனை வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். பாதி ஆட்டத்தில் ஜடை கழன்றிருக்கிறது. சலங்கை அறுந்து மணிகள் மேடை முழுக்க உருண்டிருக்கின்றன. பதறியதில்லை. கையில் ஊசி இருக்கிறதே.

போன சனிக்கிழமை பதறினேன். பிய்ந்தது துணி இல்லை. ஒரு கணக்கு.

பெண்ணின் பெயர் தாரிணி. ஹைஸ்கூல் படிக்கிறாள். அப்பா சிவகுமார், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். பார்சிப்பனியில் ஓர் ஆபீஸில் நெட்வொர்க் வேலை. அம்மா கவிதா, ஆஸ்பத்திரியில் ஃபார்மசிஸ்ட். நல்ல குடும்பம். பூவை எல்லாம் முதல் நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். அதிலேயே தெரிந்துவிடும்.

பாடகர், மிருதங்கம், வயலின் எல்லாரும் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. விசா இன்டர்வியூவுக்குத் தேதி கிடைக்கவில்லை. சரி, சென்னை ஸ்டூடியோவில் மொத்தக் கச்சேரியையும் பதிவு செய்து வாங்கிவிட்டார்கள். இங்கே டீச்சர் தாளம் தட்ட, அந்தப் பதிவுக்கு ஆடுவது. இப்போது பல இடங்களில் இப்படித்தான்.

இதற்கு நடுவில் தாரிணிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பட்டை கட்டிக்கொண்டு ஆடலாம், வேகம் மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். டீச்சர் சென்னைக்குப் போன் போட்டார். பாவம், அவர்கள் மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பதிவு செய்தார்கள்.

அந்தப் புதுப் பதிவு, அரங்கேற்றத்தன்று மத்தியானம்தான் வந்தது. நகைப்பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சிவகுமாரின் போனில் டொங் என்றது. பதிவை இறக்கிக்கொள்ள லிங்க்.

"வந்துருச்சுங்களா? வீட்டுலயே இறக்கிட்டுக் கிளம்பலாமே" என்றார் கவிதா.

சிவகுமார் போனைப் பார்த்தார். "ஆறு ஜிபி. ஹால்ல வைஃபை இருக்குது. போயிப் பாத்துக்கலாம், ஏறு."

ஏறினோம்.

ஹாலுக்கு வந்ததும் அவர் போனில் நெட் வேகம் காட்டுகிற ஒரு வட்டத்தைத் தட்டினார். முள் ஏறியது. இருபதில் நின்றது. பக்கத்தில் அவருடைய நண்பர் முரளி. அவருக்கும் அதே மாதிரி வேலைதான்.

"இருபது காட்டுதுடா" என்றார் சிவகுமார். "ஆறாயிரத்த இருபதால வகுத்தா முந்நூறு. முந்நூறு செகண்டு. அஞ்சு நிமிஷம்."

"தாராளம்" என்றார் முரளி.

அஞ்சு நிமிஷம்தானே. வாசலில் கோலம், நடராஜருக்கு மாலை, லைட்காரர், சாப்பாட்டு ட்ரே வைக்க மேஜை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நாலு மணி நிகழ்ச்சிக்கு மூன்றே முக்காலுக்குத்தான் லேப்டாப்பைத் திறந்தார்.

பக்கத் திரைக்குப் பின்னால், என் ஊசிப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் அந்த லேப்டாப். தாரிணியை ஸ்டூலில் உட்கார வைத்துச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னடா, ரெண்டரைதான் வருது" என்றார் சிவகுமார்.

முரளி குனிந்து பார்த்தார். "இருபது காட்டின லைனா இது?"

"நெட்டு சொதப்புது."

நிறுத்திவிட்டு மறுபடி கனெக்ட் பண்ணினார்கள். இறங்கியது எல்லாம் போய், முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி ரெண்டரை.

"ஆடியன்ஸ் எல்லாம் வைஃபைல இருக்காங்க, அதான்" என்றார் முரளி. மைக்கில் அறிவித்தார்கள். எல்லாரும் வைஃபையை ஆஃப் பண்ணுங்கள், ப்ளீஸ். ஹாலில் முணுமுணுப்பு. ஆஃப் பண்ணினார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ரெண்டரை.

முரளி போனைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தார். "வெளிய ஒத்தக் கோடுதான்டா சிக்னல்."

சென்னைக்குப் போன் அடித்தார்கள். சின்ன ஃபைலாக அனுப்பச் சொல்லலாமே. அங்கே நடு இரவு தாண்டிவிட்டது. அனுப்பிய மனிதர் தூங்கிவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

நாலு மணி ஆகிவிட்டது. ஹாலில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. நம்மவர்கள் நேரத்துக்கு வந்த நாளாகப் பார்த்து இப்படி.

இந்த ஹாலை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பள்ளிக்கூட விதி. கெஞ்சினாலும் நடக்காது. ஆட்டம் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மீதி நேரம் பேச்சுக்கும் சால்வைக்கும். தாமதமானால் எதையாவது வெட்ட வேண்டும். வெட்டினால் வர்ணம்தான் போகும். அதுதான் நீளம். அந்தப் பெண் நாள் கணக்கில்லாமல் வியர்வை சிந்தியதும் அதற்காகத்தான்.

சிவகுமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டீச்சரிடம் போனார்.

"டீச்சர், பழைய ட்ராக்கு என்ர லேப்டாப்புல இருக்குது. அதையே போட்டுருவமா? வேகம் கொஞ்சம்தானுங்களே ஜாஸ்தி."

டீச்சர் திரும்பினார். தாரிணியைப் பார்த்தார்.

"கண்ணு, சமாளிச்சுக்குவீல்ல?" என்றார் சிவகுமார்.

தாரிணி அப்பாவைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். "இட்ஸ் ஓகே அப்பா. ஐ கேன் டூ இட்."

அவள் பாதம் என் மடியில் இருந்தது. பட்டைக்கு மேலே சலங்கையின் கடைசி வாரை இழுத்தேன். வழக்கமான ஓட்டைக்கு எட்டவில்லை. காலையில் ஒத்திகைக்குக் கட்டியபோது எட்டியது.

"கால் வீங்கியிருக்கு" என்றேன்.

அந்த நேரத்தில் நான் பேசியது அவ்வளவுதான். ஆனால் கவிதா திரும்பிப் பார்த்துவிட்டார். வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு லேப்டாப் பக்கம் வந்தார்.

"பழைய ட்ராக்கெல்லாம் அப்புறம். இது எறங்க எவ்ளோ நேரம் ஆகும்? சரியா சொல்லுங்க."

"அதான் தெரியல கவி. இருபது வர வேண்டிய எடத்துல ரெண்டரை வருது."

"இருபதுன்னா, இருபது என்ன?"

"என்னன்னா?"

"இருபது என்னங்க? யூனிட்டு என்ன?"

"மெகாபிட்."

"இங்க ரெண்டரைன்னு காட்டுதே. இது என்ன?"

சிவகுமார் லேப்டாப்பை உற்றுப் பார்த்தார். முரளி லேப்டாப் மேல் குனிந்தார். நிமிரவில்லை.

"இது... மெகாபைட்" என்றார் சிவகுமார். குரல் கீழே போய்விட்டது.

"ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல. எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு."

"அப்ப இருபத எட்டால வகுங்க."

யாரும் வகுக்கவில்லை. வகுக்க என்ன இருக்கிறது? எட்டு ரெண்டரை இருபது. எனக்கே வந்துவிட்டது.

அதாவது... வைஃபை சொதப்பவே இல்லை. ஆடியன்ஸ் மேல் தப்பில்லை. லைன் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதலிலிருந்தே. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகாத ஒன்றைத்தான் நிறுத்தி நிறுத்தி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் அந்தப் பெண்ணை வீங்கிய காலோடு ஆடச் சொன்னார்கள்.

சலங்கை வாரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"நாங்க மருந்துல மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் மாத்திப் போட்டா ஆளே போயிருவாங்க" என்றார் கவிதா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நீங்க பொழுதன்னிக்கும் இதே வேலைதானே பாக்கறீங்க?"

"ஆபீஸ்ல எல்லாம் பிட்லயே பேசுவோம் கவி. ஃபைல் சைஸ்தான் பைட்ல வரும். ஒண்ணோட ஒண்ண வகுத்துட்டேன்."

"சரி. எவ்ளோ நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் என்றது நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இவர்கள் வீட்டு நெட் ஹாலைவிட எத்தனையோ மடங்கு வேகம். மத்தியானம் அங்கேயே இறக்கியிருந்தால் நான் நகைப்பெட்டியை ஏற்றி முடிப்பதற்குள் வந்திருக்கும்.

டீச்சர்தான் முதலில் அசைந்தார்.

"பேச்செல்லாம் முன்னாடி வெச்சிடலாம். எப்படியும் கடைசில நேரம் ஒதுக்கியிருக்கோம். அத இப்ப எடுத்துக்கலாம். ஃபைல் வந்ததும் ஆட்டம். வர்ணம் வெட்ட வேண்டாம்."

"சீஃப் கெஸ்ட்?" என்றார் முரளி.

"அவர் அஞ்சு மணிக்குத்தான் வருவார்."

எல்லாரும் சிவகுமாரைப் பார்த்தார்கள். நன்றியுரை அவருடையது. சட்டைப்பையில் ஒரு பேப்பர் மடித்து வைத்திருந்தார்.

"நானா? நாப்பது நிமிஷமா?"

"நீங்கதான் வகுத்தீங்க" என்றார் கவிதா.

நான் எத்தனையோ அரங்கேற்றம் பார்த்திருக்கிறேன். அப்பாக்களிடம் சீக்கிரம் முடியுங்கள் என்று சீட்டு அனுப்பித்தான் பழக்கம். நீட்டிப் பேசுங்கள் என்று ஓர் அப்பாவை மேடைக்குத் தள்ளியதை அன்றுதான் பார்த்தேன்.

போனார். மைக்கைத் தட்டினார். பேப்பரைப் பிரித்துப் படித்தார். வந்தவர்களுக்கு நன்றி. குருவுக்கு நன்றி. சாப்பாடு, லைட்டு, ஃபோட்டோ எல்லாருக்கும் நன்றி. பேப்பர் தீர்ந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"பேப்பர்ல எழுதினது முடிஞ்சுபோச்சுங்க" என்றார்.

ஹால் சிரித்தது. அவர் திரையைப் பார்த்தார். லேப்டாப் பக்கத்தில் நின்ற முரளி, இன்னும் இருக்கிறது என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

சிவகுமார் தொண்டையைச் செருமினார். தாரிணி சின்ன வயதில் கிச்சனில் சப்பாத்திக் கட்டையை வைத்துக்கொண்டு தாளம் தட்டியதைச் சொன்னார். முதல் நாள் டான்ஸ் கிளாஸில் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுததைச் சொன்னார். மறுபடியும் திரையைப் பார்த்தார். முரளி மறுபடி கையைச் சுழற்றினார்.

பிறகு பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நான் பயந்தேன். மனிதர் இறங்கிவிடுவார் போலிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்ங்க" என்றார். "நீங்கெல்லாம் எதுக்கு என்ர மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்கன்னா... நான் ஒரு கணக்குல தப்புப் பண்ணிப்போட்டேன். சின்னக் கணக்கு. அதனால பாட்டு வரலை. அது போச்சாதுங்க, போனாப் போகுது. அதுக்கப்புறம் ஒண்ணு பண்ணேன். வீங்குன காலோட பழைய பாட்டுக்கு வேகமா ஆடு கண்ணுன்னு என்ர பொண்ணுகிட்டச் சொன்னேன். அவ சரின்னுட்டா."

முன் வரிசையில் ஒருவர் போனைக் கீழே வைத்தார்.

"அந்தச் சரிதானுங்க எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. யோசிச்சுப் பாக்கறேன். அவ எங்கிட்ட மாட்டேன்னு சொல்லி நான் கேட்டதே இல்லீங்க. கிளாஸுக்குப் போ, சரி. அந்த எக்ஸாம் எழுது, சரி. இப்ப ஆடு, சரி. நல்ல பொண்ணுன்னு எல்லாத்துகிட்டயும் பெருமையாச் சொல்லீட்டுத் திரியறேன். அவ மாட்டேன்னு சொல்றக்கு நான் எடமே உடலையோ என்னமோ."

தாரிணி என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேசுவதுதான் இங்கிலீஷ். கண்ணுக்குக் கீழே தண்ணீர் திரண்டது. அது கண்மைக் கோட்டைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

டிஷ்யூவை மடித்து முனையால் ஒற்றி எடுத்தேன். "மேல பாரு."

மேலே பார்த்தாள். "ஆன்ட்டி, ஹீ நெவர் டாக்ஸ் லைக் திஸ்."

தலையாட்டினேன்.

"அண்ட் ஹீ யெல்ஸ் அட் மீ வென் ஐ ஃபர்கெட் யூனிட்ஸ்."

ஃபிசிக்ஸ் ஹோம்வொர்க்கில் யூனிட் எழுத மறந்தால் அப்பா கத்துவாராம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. மறுபடி ஒற்றினேன். இந்த மாதிரி நேரத்தில் கண்மைதான் முக்கியம்.

ஃபைல் இறங்கி முடிந்தது. முரளி கட்டை விரலைக் காட்டினார். சிவகுமார் அதைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். முரளி திரை ஓரத்துக்கு வந்து இரண்டு கையையும் ஆட்ட வேண்டியதாகிவிட்டது.

இறங்கி வந்தார். மகள் முன்னால் நின்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாற்பது நிமிடம் பேசிய மனிதர்.

"கண்ணு... கால் முடியலைன்னா..."

"அப்பா." தாரிணி அவர் சட்டைப்பையில் இருந்து கீழே விழ இருந்த பேப்பரை உள்ளே தள்ளினாள். "வர்ணம் ஆடறேன். லாஸ்ட் ஐட்டம் வேண்டாம். அதுல நெறைய ஜம்ப். ஐ டோன்ட் வான்ட் டு."

தமிழில் ஆரம்பித்தாள், கவனியுங்கள். ஐ டோன்ட் வான்ட் டு என்பதை மட்டும் இங்கிலீஷில் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு வேறு பாஷை வேண்டியிருந்தது போல.

"சரி கண்ணு" என்றார் சிவகுமார்.

அந்த வீட்டில் இந்தத் தடவை சரி சொன்னது அவர்.

வர்ணம் முழுதாக ஆடினாள். நிதானமாக. ஒரு சலங்கை மணி கூட அறுந்து விழவில்லை. ஏழு மணிக்குள் ஹாலைக் காலி செய்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்தும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நாம் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம். மைலைக் கிலோமீட்டராக, பவுண்டைக் கிலோவாக. இங்கே முப்பது டிகிரி என்றால் பனி. ஊரில் முப்பது டிகிரி என்றால் இதமான நாள். பெட்ரோல் விலையையும் காலனிலிருந்து லிட்டருக்கு மாற்றித்தான் ஊருக்குச் சொல்கிறோம். இவ்வளவு பழகிய நாமே ஏமாறுகிறோமே?

எனக்குத் தோன்றிய காரணம் இது. மைலும் கிலோமீட்டரும் வேறு வேறு பெயரில் இருக்கின்றன. சந்தேகம் வருகிறது, கேட்கிறோம். பிட்டு, பைட்டு என்று ஒரே மாதிரி ஒலிக்கிற, பழகின விஷயத்தில் யாரும் கேட்பதில்லை. இருபது என்றால் இருபது என்று போய்விடுகிறோம். தெரியாதவனுக்கு இந்த ஆபத்து இல்லை. அவன் கணக்கே போட மாட்டான்.

பூக்கடையில் நான் எப்போதும் ஒன்று கேட்பேன். முழம் என்றால் யார் கை முழம்? கடைக்காரர் சிரிப்பார். அவர் கை குட்டை. எனக்குத் தெரியும். அதனால் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். அதையே நெட் கம்பெனியிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. விளம்பரத்தில் பெரிய பெரிய எண். எல்லாம் சின்ன முழத்தில் அளந்தது. பொய் இல்லை. ஆனால் நாம் இறக்குகிற ஃபைல் பெரிய முழத்தில் வருகிறது. எட்டு மடங்கு. இத்தனை வருடம் இது தெரியாமலே இருந்திருக்கிறேன். நம் வீடுகளில் பாதிப் பேர் இந்த வேலைதான் பார்க்கிறார்கள். ஒருத்தரும் சொல்லவில்லையே.

நெட்டை விடுங்கள். ஐந்து வருடமாக டான்ஸ் கற்றுக்கொள்கிறாள் என்கிறோம். தொண்ணூற்றெட்டு வாங்கினாள் என்கிறோம். ஒரு சத்தம் இல்லை, சொன்னதற்கெல்லாம் சரி என்பாள் என்கிறோம். அந்தச் சரி எந்த அளவு? யார் கை முழம்? கேட்டோமா?

மறுநாள் ஊசிப்பெட்டியைச் சுத்தம் செய்தேன். அடியில் அன்றைய நிகழ்ச்சி அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல கெட்டித் தாள், தங்க எழுத்து. கடைசி வரி: தந்தையின் நன்றியுரை, ஐந்து நிமிடம்.

அச்சடிக்கும்போதே அதை எட்டால் பெருக்கியிருக்கலாம்.